இரு பக்கமும் இறங்கி வர வேண்டும்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அமெரிக்கா தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறது. நியூயார்க்கில் காலை 11 மணிக்கு நடக்கும் கூட்டம் அங்கே 11 மணிக்கேதான் தொடர்கிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இருப்பவருக்கோ, அதுவரை இரவு 8.30-க்கு இருந்த அதே கூட்டம் 9.30-க்குப் போய்விடுகிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை, ஏறக்குறைய நான்கு மாதம், இப்படியே ஓடுகிறது. யாரும் யாரையும் வருத்த வேண்டும் என்று எண்ணிச் செய்தது அல்ல இது. இப்படி ஒரு மாற்றம் நடந்ததே அங்குள்ளவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்குள்ளவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிப்ரவரி வாக்கில் இவர் கேமராவை அணைத்துவிட்டு உட்காருகிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். இந்தியக் குழுவுக்கு ஈடுபாடு போதவில்லை என்று அங்கே பேச்சு எழுகிறது. நம் மேல் நம்பிக்கை இல்லை என்று இங்கே பேச்சு எழுகிறது. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பிழை வந்தாலும் அது பெரிய சண்டையாகிறது.

இது ஏதோ மென்பொருள் நிறுவனங்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வது சிலருக்கு மட்டுமே வாய்த்த அனுபவம். இன்று கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் அப்படிப்பட்ட வேலை இருக்கிறது. மருத்துவக் கோடிங் பார்ப்பவர், அயல்நாட்டு நிறுவனத்தின் கணக்கு எழுதுபவர், கார் உதிரி பாகத்தை வடிவமைப்பவர் எனப் பலரும் நேரில் பார்த்தே இராத ஆட்களோடு நாள்தோறும் சேர்ந்து உழைக்கிறார்கள். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பின் அந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளையின் பாடம், பெற்றோரின் மருந்து, இரவுச் சாப்பாடு எல்லாமே இன்னொரு கண்டத்தில் இருப்பவரின் நாட்காட்டியைப் பார்த்து நகர்கின்றன. ஆகவே இந்தக் குழுக்களில் சுமுகம் நிலவுவது குடும்பங்களுக்கும் வேண்டிய விஷயம்.

இரு தரப்புக் குறைகளையும் நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சொல்வது இது: எதைக் கேட்டாலும் சரி என்கிறார்கள், முடியாது என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை, வியாழக்கிழமை வரை பச்சையாக இருந்த நிலவர அறிக்கை வெள்ளிக்கிழமை திடீரெனச் சிவப்பாகிறது, வேலையைச் செய்த இளைஞரிடம் கேள்வி கேட்டால் பதில் மேலாளரிடமிருந்து வருகிறது. இந்தப் பக்கத்தில் சொல்வது இது: பின்னணியைச் சொல்லாமல் வேலையை மட்டும் டிக்கெட்டாகப் போடுகிறார்கள், முடிவுகளை அங்கேயே கூடிப் பேசி எடுத்துவிட்டு நமக்குத் தகவலாகத் தருகிறார்கள், சிறு பிழைக்கும் மேலதிகாரியின் பெயரைச் சேர்த்து அஞ்சல் அனுப்பி எஸ்கலேட் செய்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதை மறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கோடைக்காலம், ஸ்டுட்கார்டில் பிற்பகல் 2.30, கோவையில் மாலை 6 மணி. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் தான் எழுதிய நிரலைப் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார். ஸ்டுட்கார்ட்டில் இருப்பவரிடமிருந்து பதில் வருகிறது: 'இந்த அணுகுமுறை தவறு. மூன்றாவது பகுதியை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதவும்.' வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிடுகிறது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்து, 'அவர் எப்பவுமே இப்படித்தான்' என்கிறார்கள். இனி எதையும் அவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம், டீம் லீட் வழியாகவே போகட்டும் என்று முடிவாகிறது. ஸ்டுட்கார்ட்காரரோ தன் மேலதிகாரிக்கும் அன்று காலை இதே தொனியில்தான் எழுதியிருக்கிறார். குறையை நிரலின் மேல் சொல்கிறோம், ஆளின் மேல் அல்ல என்பது அவர் பழகிய ஒழுங்கு. அடுத்த வாரம் முதல் அந்தப் பெண்ணிடமிருந்து எதுவும் நேராக வராததைப் பார்க்கும்போது, எதையோ மறைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. இருவரும் நல்லவர்கள்; இருவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனாலும் அந்த மாலையில் குழுவுக்குள் ஒரு விரிசல் விழுந்துவிட்டது.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் கிராம்ட்டன் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விரிசல் எங்கிருந்து வருகிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது. வெவ்வேறு நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, நேரில் சந்திக்காமலே ஒரு வேலையை முடிக்க வேண்டும். அவர்களுக்கு இடையே போய்வந்த அஞ்சல்களை அவர் எடுத்துப் படித்தார். ஒருவருக்குப் போன அஞ்சல் மற்றவருக்குப் போயிருக்காது. ஒரு நாட்டின் விடுமுறை இன்னொரு நாட்டுக்குத் தெரிந்திருக்காது. ஒருவர் முக்கியம் என்று எழுதிய வரியை மற்றவர் சாதாரணமாகக் கடந்திருப்பார். எல்லாவற்றையும்விடக் குழப்பியது மௌனம். பதில் வராவிட்டால் அவர் சம்மதிக்கிறாரா, மறுக்கிறாரா, ஊரில் இல்லையா, அஞ்சலே போய்ச் சேரவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படிச் சூழ்நிலை தெரியாதபோது மனிதர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: எதிராளியின் குணத்தைக் குறை சொன்னார்கள். சோம்பேறி, பொறுப்பில்லாதவர், நம்ப முடியாதவர். ஒரே அறையில் இருந்திருந்தால், பதில் சொல்லாதவருக்குக் காய்ச்சல் என்றால் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பண்பாட்டு வேறுபாடு என்ற சொல் இன்று எல்லாவற்றுக்கும் விளக்கமாகிவிட்டது. 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளை வைத்து, கீர்ட் ஹோஃப்ஸ்டெட் 1980-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மேலதிகாரிக்கு எவ்வளவு அடங்கிப் போவது, தனிமனிதரை முன்னிறுத்துவதா கூட்டத்தை முன்னிறுத்துவதா என்று நாடுகளை எண்களால் ஒப்பிட்டது அது. பயனுள்ள வேலைதான். ஆனால் ஒரு நாட்டின் சராசரியை அந்த நாட்டு ஆள் ஒருவரின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 'ஜப்பானியர் இப்படி, டச்சுக்காரர் அப்படி, இந்தியர் தலையாட்டுவார்கள்' என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தியர் என்று சொல்லப்படும் அந்தக் குழுவிலேயே சென்னைக்காரரும் நொய்டாக்காரரும் ஐதராபாத்காரரும் இருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொள்ளும்போது, ஜெர்மானியரோடு சேர்ந்து தமிழரும் வெளியே நிற்கிறார். சென்னை அலுவலகத்தில் எல்லோரும் தமிழில் சிரித்துப் பேசும்போது கொல்கத்தாவிலிருந்து வந்தவருக்கும் அதே நிலைதான். பண்பாடு கற்றுக்கொள்ள வேண்டியவர் கடல் கடந்து இருப்பவர் மட்டுமல்ல.

பண்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஏற்பாட்டின் குறை கண்ணில் படாது. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் இதற்கு நல்ல சான்று. விமானத்தின் உடற்பகுதிகள் சில ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் இறக்கைகள் பிரிட்டனிலும் தயாராகி, பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் மின்கம்பி. ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பித் தொகுப்புகளைத் துலூஸில் பொருத்திப் பார்த்தால் நீளம் போதவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்தவர்கள் காட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பில் வேலை செய்தார்கள். பிரான்சிலும் பிரிட்டனிலும் 5-ஆம் பதிப்பு. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. 2006-இல் தாமதம் மேல் தாமதமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் அடுத்தடுத்து விலகினார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான். பத்திரிகைகள் இதைப் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் இடையேயான பழைய போட்டியாக எழுதின. அந்தப் போட்டி இல்லாமலும் இல்லை. ஒருவர் கருவியை மற்றவர் ஏற்க மறுத்ததில் தன்மானமும் கலந்திருந்தது. ஆனால் அந்தத் தன்மானம் வளர இடம் கொடுத்தது, ஒரே வேலைக்கு இரண்டு கருவிகளை அனுமதித்த நிர்வாகம். அடுத்து வந்த ஏ350 விமானத்துக்கு எல்லா நாட்டுப் பொறியாளர்களும் ஒரே கருவியில், ஒரே பொது மாதிரியின் மேல் வேலை செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரராகவும் ஜெர்மானியர் ஜெர்மானியராகவும்தான் இருந்தார்கள்.

மொழியிலும் இதே கதைதான். 2010-இல் ஜப்பானின் ராகுடென் நிறுவனத் தலைவர் ஹிரோஷி மிகிதானி, இனி அலுவலக மொழி ஆங்கிலம் என்று அறிவித்தார். அதைப் பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்த ஹார்வர்டு பேராசிரியர் செடால் நீலி 2017-இல் நூலாக எழுதினார். ஆங்கிலம் தாய்மொழியான அமெரிக்க ஊழியர்கள் தங்களுக்கு எளிதாகிவிட்டது என்று முதலில் மகிழ்ந்தார்கள். பின்னர் ஜப்பானிய வேலைமுறையும் சேர்ந்து வந்தபோது திணறினார்கள். ஜப்பானியர்களுக்கு மொழி தடுமாற்றம். மொழியும் புதிது, முறையும் புதிது என்று இருந்த மற்ற நாட்டவர்கள்தான் நன்றாகப் பொருந்திப் போனார்கள். இரண்டுக்கும் தாங்கள் இறங்கி வர வேண்டும் என்று அவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் மெதுவாகப் பேசுவதும், விளையாட்டு மைதானத்துச் சொலவடைகளைத் தவிர்ப்பதும், அடுத்தவர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பதும் பெருந்தன்மை அல்ல, வேலையின் ஒரு பகுதி. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டாமல், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பது நம் பக்கத்து வேலை.

நேரடிப் பேச்சு குறித்தும் ஒரு வார்த்தை. பூசி மெழுகாமல் பேசினால் நேரம் மிச்சம், தரம் உயரும் என்று வாதிடுபவர்கள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நெடுங்காலம் அந்த வாதத்தில் உறுதியாக நின்றவர். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நிரலர்கள் சேர்ந்து கட்டிய அந்தப் பெரும்பணியின் தரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கடுஞ்சொல் தாங்காமல் நல்ல நிரலர்கள் சிலர் விலகினார்கள் என்பதும் உண்மை. 2018 செப்டம்பரில் அவரே வருத்தம் தெரிவித்து, சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். அதே சமயம் லினக்ஸ் சமூகம் ஒரு நடத்தை விதியை ஏற்றது. அதன் பிறகும் தவறான நிரலைத் தவறு என்று சொல்வது நிற்கவில்லை. நேர்மையையும் மரியாதையையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே போதும்.

ஒரு மறுப்பு எழும். பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர். அவர் நேரத்துக்கும் முறைக்கும் நாம் வளைந்து கொடுப்பதுதானே தொழில்? இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. எத்தனையோ குடும்பங்கள் ஒரே தலைமுறையில் மேலே வந்ததற்கு அந்த வளைந்து கொடுத்தலும் ஒரு காரணம். ஆயினும் இன்று சென்னையில் பல பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்களே இயங்குகின்றன. அங்கே இரு பக்கமும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். ஒருவர் எப்போதும் விழித்திருக்க, மற்றவர் எப்போதும் அலுவலக நேரத்திலேயே இருப்பதற்கு அங்கே என்ன நியாயம்? வேலை நேரம் முடிந்தபின் தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பல நாட்டு நேரத்தில் ஓடும் குழுவுக்குச் சட்டம் மட்டும் போதாது. குழுவே பேசி முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் சென்னைக்காரர் இரவில் வரட்டும். அடுத்த மாதம் நியூயார்க்காரர் காலை 7 மணிக்கு உட்காரட்டும். குளிர்காலத்தில் அது நமக்கு மாலை 5.30. கலிபோர்னியாவோடு என்றால் இவ்வளவு எளிதில் அமையாது. அங்கே கூட்டங்களைக் குறைத்து, முடிவுகளை எழுத்தில் எடுப்பதுதான் வழி.

எழுத்தில் எடுப்பது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். யார், எதை, ஏன் முடிவு செய்தார்கள் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால், அங்கே தனியாகக் கூடிப் பேசிவிட்டார்கள் என்ற மனக்குறையில் பாதி போய்விடும். பொங்கல், ஜப்பானில் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் விடுமுறை வாரம், ஐரோப்பாவின் ஆகஸ்ட், அமெரிக்காவின் நவம்பர் நன்றித் திருநாள் எல்லாம் ஒரே நாட்காட்டியில் இருக்கட்டும். கோபமான அஞ்சல் இரண்டாவது முறையும் போய்வந்தால் மூன்றாவதை எழுதாமல் தொலைபேசியில் பேசட்டும். பயணச் செலவு என்று கணக்குப் பார்க்காமல் இளையவர்களையும் நேரில் அனுப்புவது நல்லது. ஆய்வாளர் பமீலா ஹைண்ட்ஸும் முன்பு சொன்ன கிராம்ட்டனும் இந்தியா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மென்பொருள் குழுக்களைப் பார்த்து எழுதிய ஆய்வில், நேரில் போய்ச் சில நாள் சேர்ந்து வேலை செய்தவர்களின் உறவு, ஊர் திரும்பிய பின்னும் நெருக்கமாகவே இருந்தது தெரிந்தது. அந்தப் பயணம் ஒரு திசையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. அவர்களும் இங்கே வந்து, மின்வெட்டையும் போக்குவரத்தையும் நம் வேலை வேகத்தையும் கண்ணால் பார்க்கட்டும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதில் மிகக் கடினமானது, கெட்ட செய்தியை முதலிலேயே சொல்வது. தீர்வோடு போய்ச் சொல்லலாம் என்று நல்லெண்ணத்தில்தான் தள்ளிப்போடுகிறோம். எதிர்ப்பக்கத்துக்கு அது ஏமாற்றாகத் தெரிகிறது. தாமதமாகும் என்று செவ்வாய்க்கிழமை சொன்னவரைக் கூட்டத்தில் வைத்துக் குடையாமல், சொன்னதற்கு நன்றி என்று முதலில் சொல்லும் மேலாளர் இருந்தால்தான் அடுத்தவருக்குத் துணிவு வரும். அந்த மேலாளர் பெரும்பாலும் இங்கேயே, நம் அலுவலகத்திலேயே இருப்பவர். நம் பொறியியல் கல்லூரிகளும் இதில் கைகொடுக்க முடியும். வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் உச்சரிப்பும் குழு விவாதமும் கற்றுத் தருகிறார்கள். மூத்தவரிடம் மரியாதை குறையாமல் 'இது சரிவராது, காரணம் இது' என்று சொல்லக் கற்றுத் தரும் வகுப்பு எங்கேயும் காணோம்.

எல்லா மோதலையும் தணித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. ஒருவரின் நிறத்தையோ பெண் என்பதையோ உச்சரிப்பையோ இழிவாகப் பேசினால் அது பண்பாட்டு வேறுபாடு அல்ல. அதற்குப் புகார்தான் வழி, சமரசம் அல்ல. இரு பொறியாளர்கள் எது நல்ல வடிவமைப்பு என்று முட்டிக்கொள்வதும் தீங்கு இல்லை. அப்படி முட்டாத குழு நல்ல பொருளைச் செய்வது அரிது.

நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் டொரண்டோவிலும் வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். சென்னையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அங்கே போனவர்களும் அவர்களில் உண்டு. இரு பக்கத்துக் கஷ்டமும் தெரிந்தவர்கள் என்பதால், கூட்ட நேரத்தை மாற்றக் கேட்கவும், நம் இளைஞரின் மௌனத்துக்குக் காரணம் சொல்லவும், அங்குள்ளவரின் கறார்ப் பேச்சுக்குப் பின்னால் பகை இல்லை என்று இங்கே விளக்கவும் அவர்களைப் போல் தகுதியானவர்கள் இல்லை. ஊர் விட்டு வந்தவர் அதிகம் பேசினால் தன் இடம் ஆட்டம் காணும் என்ற அச்சம் அவர்களுக்கு இருப்பது புரிகிறது. ஆனாலும் அடுத்த திட்டம் தொடங்கும்போது, முதல் கூட்டத்திலேயே அவர்கள் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இங்கிருப்பவர்களும் அவர்களைத் தயங்காமல் அணுகட்டும்.